கல்லுமலைத் தோட்டத்தில் ஒரு ‘போயிட்டு வாரேன்’

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதி வழியில் நீங்களே அதைக் கண்டுபிடித்துவிட்டு, புதையல் தோண்டி எடுத்தவர்போலப் பெருமைப்பட்டுக்கொள்வீர்கள். பாளையங்கோட்டையில் கல்லூரிப் படிப்பு படித்தபோது தர்க்க சாஸ்திரப் பரீட்சையில் நான் வாங்கியது நூற்றுக்குப் பதினொன்று. ‘மனிதர் எல்லாரும் சாவார், சாத்தன் மனிதன், ஆகவே...’ என்று கொடுத்து முடிக்கச் சொல்லியிருந்தார்கள். ‘ஆகவே சாத்தன் வீட்டாருக்கு என் அனுதாபங்கள்’ என்று முடித்தேன். ஆசிரியர் சிரிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மலாயாவிலிருந்து கடிதம் வந்தது. பேராக்கில் ரப்பர் தோட்டத்துக் கிராணியாக, அதாவது கணக்கெழுதுகிறவராக இருந்த என் தாய்மாமன் காய்ச்சலில் படுத்திருக்கிறார் என்று. ‘சும்மா இருக்கிறவன் போய் மாமனை அழைத்துக்கொண்டு வரட்டும்’ என்றார் அப்பா. எங்கள் வீட்டில் அப்போது சும்மா இருந்தது நானும் ஒரு கிடாரிக் கன்றும். கன்றுக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளாது என்று என்னை அனுப்பினார்கள்.

நாங்கள் வேதக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை யேசுவுக்கு, மற்ற ஆறு நாளும் அம்மா பயப்படுவது ராகுகாலத்துக்கு. ஆடி மாதத்தில் பிள்ளை கடல் தாண்டுகிறானே என்று அவளுக்கு ஒரே கலக்கம். ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே எனக்குப் பாடம் நடத்தினாள். எங்கே கிளம்பினாலும் ‘போறேன்’ என்று சொல்லக் கூடாது. ‘போயிட்டு வாரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். கிணற்றடிக்குப் போனாலும் சொல்ல வேண்டும், கொல்லைக்குப் போனாலும் சொல்ல வேண்டும். மறந்தால் பாதி வழியிலிருந்து திரும்பக் கூப்பிட்டுச் சொல்லவைப்பாள். ஏழாம் நாள் தூக்கத்தில் புரண்டு படுக்கும்போதுகூட சுவரிடம் ‘போயிட்டு வாரேன்’ என்று சொன்னேனாம். இரண்டு வருடக் கல்லூரிப் பாடம் ஏறாத தலையில் இந்தப் பாடம் ஏழே நாளில் ஏறிவிட்டது. வினை அதில்தான் இருந்தது.

ஈப்போ ரயிலடியில் என்னை எதிர்கொண்டவர் தோட்டத்து மாட்டுவண்டிக்காரர் சின்னையா. காதில் கடுக்கன், வாயில் வெற்றிலை, என் தகரப் பெட்டியைப் பார்த்த பார்வையில் கேலி.

“கிராணியாரு மருமவன்தானே? பேரு என்ன தம்பி?”

“செல்லத்துரை.”

அவர் மூக்கணாங்கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தார். “எங்களுக்குப் பெரிய தொரை ஒருத்தரு, சின்ன தொரை ஒருத்தரு, ரெண்டு வெள்ளைக்காரன் இருக்கான். இப்பச் செல்லத் தொரை வேறயா? தோட்டம் தாங்காது லா!” ‘லா’ என்பது அந்த ஊர்ப் பேச்சின் வால் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

வண்டி குனோங் ராபாட் பக்கமாகப் போயிற்று. நம்மூர் மலைகளுக்கு ஒரு மரியாதை உண்டு. தூரத்தில் நீலமாகத் தெரிந்து, கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வரும். இங்கே அப்படி இல்லை. சமதரையிலிருந்து சுண்ணாம்பு மலைகள் நெட்டுக்குத்தாக நிற்கின்றன, கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவன் சட்டென்று எழுந்ததுபோல. வெளுத்த முகம், அதில் கருப்பாகக் குகை வாய்கள். சின்னையா மாட்டை அதட்டினால், மலைக்குள் யாரோ ஒருவர் தன் மாட்டை அதட்டினார்.

பிறகு ரப்பர்க் காடு. ஒரே உயரம், ஒரே பருமன், ஒரே இடைவெளி. எல்லா மரத்துக்கும் இடுப்பில் ஒரு வெட்டு; வெட்டுக்குக் கீழே ரப்பர்ப் பால் வடிய மங்கு என்கிற சிறு பீங்கான் கிண்ணம். ஆயிரம் மரமும் ஏனம் ஏந்திப் பிச்சைக்கு நிற்பதுபோல் இருந்தது. உள்ளே நுழையும்போது உச்சி வெயில். நூறு அடி போனதும் அந்திப் பொழுதாகிவிட்டது. தலைக்கு மேலே ‘டப்’ என்று ஒரு வெடிச் சத்தம். நான் பெட்டிக்குப் பின்னால் குனிந்தேன்.

“காயி வெடிக்குது தம்பி. வெயில்ல ரப்பர்க் காயி வெடிச்சுக் கொட்டை தெறிக்கும்” என்றார் சின்னையா. “அதுக்கே இப்படியா? இன்னும் எவ்வளவோ இருக்கு!”

வழியில் ஒரு மோட்டார் வண்டி எங்களைத் தாண்டி ஈப்போ பக்கம் பறந்தது. பின்னிருக்கையில் ஒரு போர்வை மூட்டை கிடந்தது. தொரை வீட்டுச் சலவை என்று நினைத்தேன். அது என் மாமா. காய்ச்சல் முற்றியதால் தொரை தம்முடைய வண்டியிலேயே டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார். கடல் கடந்து மாமனை அழைக்க வந்தவன், மாமனுக்கு எதிர்த்திசையில் மூன்று மணி நேரம் மாட்டுவண்டியில் போயிருக்கிறேன்.

இதைத் தோட்டத்து லயத்தில் வைத்துச் சொன்னவர் கங்காணி காத்தமுத்து. லயம் என்பது தொழிலாளர் குடியிருக்கும் நீளமான வரிசை வீடு. ஒரு குடும்பத்துக்கு ஒரு கதவு. அங்கே பறை முழங்கிக்கொண்டிருந்தது. பால்மரம் வெட்டும் சடையன் என்பவர், மாமாவுக்கு வந்த அதே காய்ச்சலில், முந்தின நாள் இறந்துவிட்டாராம்.

“நீங்க வந்த வண்டியிலயே ஈப்போவுக்குத் திரும்பிருங்க தம்பி. போறதுக்கு முந்தி எழவு வீட்டுல ஒரு நிமிசம் நின்னுட்டுப் போங்க. கிராணி வீட்டு ஆளு வந்திச்சின்னு இருக்கும்” என்றார் கங்காணி.

நின்றேன். ஆண்களுக்குப் பின்னால், சுவரோரமாக, பாடையின் தலைமாட்டுப் பக்கம். சடையனின் மனைவி மாரியாயி பாடைமேல் முகம் புதைத்துக் கிடந்தார். நாற்பது வயதிருக்கும். பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். பாடையைத் தூக்க நாலு பேர் குனிந்தார்கள். குனிந்த அந்த நொடியில் பறை நின்றது. அழுகையும் மூச்சு வாங்க நின்றது. சாலையிலிருந்து சின்னையா “தம்பீ, நேரமாச்சு!” என்று கூப்பிட்டார்.

அம்மாவின் பாடம் அப்போது வேலை செய்தது. நான் கைகளைக் கூப்பி, பள்ளிக்கூடத்தில் வேதவசனம் ஒப்பிக்கிற கணீர்க் குரலில், “போயிட்டு வாரேன்” என்றேன்.

பறை மறுபடி முழங்கியது. நான் ஓடிப்போய் வண்டியில் ஏறினேன்.

பாதி வழியில், சொல்லிக்கொண்டுதான் வந்தேன் என்று சின்னையாவிடம் பெருமையடித்தேன். அவர் வண்டியையே நிறுத்திவிட்டார்.

“எழவு வீட்டுலயா? எழவு வீட்டுல எவனாச்சும் வாரேன்னு சொல்லுவானா? இன்னொரு சாவுக்கு வாரேன்னு அர்த்தமாவும் லா! அங்க வாயத் தொறக்காம எந்திரிச்சு வரணும். ஒங்க ஊருல ஆரும் சாவறதே இல்லியா?”

சாகிறார்கள்தான். எனக்கும் தெரிந்த வழக்கம்தான். வேதக்காரர் வீட்டுச் சாவிலும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் என் நாக்குக்கும் மூளைக்கும் நடுவே ஒரு கடல் உண்டு. அதில் கப்பல் போக்குவரத்து கிடையாது.

ஈப்போவில் நான்கு நாள் இருந்தேன். மாமா ஆஸ்பத்திரிக் கட்டிலில் பாதியாகக் கிடந்தார். சடையன் இறந்த செய்தியைச் சொன்னதும் கூரையைப் பார்த்துப் பேசினார்.

“அவன் பால் வாளி கிறீச் கிறீச்சுன்னு சத்தம் போடும்டா. அந்தச் சத்தத்தை வச்சுத்தான் மணி பத்துன்னு நான் கண்டுக்குவேன். வாளிக் காதுல எண்ணெய் விடுடான்னு மூணு வருசமாச் சொல்லியாச்சு” என்றார். கொஞ்சம் கழித்து, “இன்னைக்குக் காலைல இந்த வராந்தாவுல கேட்டுதே?” என்றார்.

தரை கழுவுகிறவனின் வாளியாக இருக்கும் என்றேன்.  மறுநாள் நான் போய்ப் பார்த்தேன். தரை கழுவுகிறவன் வைத்திருந்தது வாளியல்ல, மரத்தொட்டி.

பகல் பொழுதைச் சீனர் கோப்பிக் கடையில் கழித்தேன். முதல் நாள் வந்த கோப்பி கஷாயமாகக் கசந்தது. மரியாதைக்காகக் கண்ணை மூடிக்கொண்டு குடித்து முடித்தேன். அடியில் டப்பாப் பால் அரை விரல் கனத்துக்கு உறைந்து கிடந்தது. கலக்கிக் குடிக்க வேண்டுமாம். பக்கத்து மேசைச் சீனர் தன் நண்பரிடம் என்னவோ சொன்னார். கடைப்பையன் எனக்கு மொழிபெயர்த்தான்: “ஒங்களுக்கு வாழ்க்கையில இனிப்பு கடைசியிலதான் வரும்னு சொல்றாரு.” பிறகு துரியான் பழம். பலாப்பழத்துக்குக் கோபக்காரத் தம்பி ஒருவன் இருந்தால் இப்படித்தான் இருப்பான். மாமாவுக்கு நல்லது என்று ஒன்றை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோனேன். என்னையும் அதையும் ஒரே நேரத்தில் வெளியே அனுப்பினார்கள்.

ஐந்தாம் நாள், மாமா தேறும்வரை தோட்டத்தில் இருப்போம் என்று மோட்டார் பஸ் ஏறினேன். அது மலையடிவாரத்தில் இருமிக்கொண்டு நின்றது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். நான் தள்ளிய வேகத்தில் என் செருப்பு மட்டும் முன்னால் போயிற்று. பஸ் சரியாகும்வரை நிழலில் உட்கார்ந்திருந்தோம். ஒரு மலாய்ப் பெரியவர் மலையைக் காட்டி என்னவோ சொல்ல, ஓட்டுநர் அதைத் தமிழாக்கினார்:

“இந்த மலை பேசுறதைத் திருப்பிச் சொல்லுமாம். ஆனா சில நாளு, நாம பேசுறதுக்கு முந்தியே சொல்லிருமாம். அப்ப நாம பேசாம இருந்துக்கணுமாம்.”

எல்லாரும் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை.

தோட்டத்தில் மாமாவின் வீடு பூட்டிக் கிடந்தது. சாவி மாமாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தது. அதைக் கேட்டு வாங்கிவரும் புத்தி எனக்கு இருந்திருந்தால் தர்க்கத்தில் பன்னிரண்டு வாங்கியிருப்பேன். கங்காணி வீட்டில் தங்கினேன். அவர் மனைவி அஞ்சலை அக்கா என்னை அன்போடும் ஆயிரம் விதிகளோடும் ஏற்றுக்கொண்டார். வாசற்படியில் உட்காரக் கூடாது. சீட்டியடிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை நகம் வெட்டக் கூடாது. காட்டுக்குள் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் தடவை கூப்பிட்ட பிறகுதான் ‘ஏன்’ என்று கேட்க வேண்டும். அது ரெண்டு தடவைக்கு மேல் கூப்பிடாது. எது என்று கேட்டேன். “எதுவோ” என்றார்.

காலையில் கஞ்சி, கருவாட்டுச் சம்பல். மரத்தடி முனியாண்டிக்குப் பூசை முடிந்தால், வேதக்காரன் என்று பார்க்காமல் என் நெற்றியிலும் திருநீறு. “ஒங்க சாமி கோச்சுக்குமா?” என்று கேட்டார். “அவர் மன்னிக்கிறதுக்குப் பேர் போனவர்” என்றேன். “எங்க முனி அப்படி இல்ல. அதனாலதான் பூசுறேன்” என்றார். 

ஒரு நாள் மத்தியானம் அஞ்சலை அக்கா அரிசி புடைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, நீங்க வேதக்காரவுக, பயப்பட மாட்டீங்க. அதனால சொல்றேன். சடையன் அண்ணனைத் தூக்கினாங்கல்ல? தூக்குறப்ப பாடையில இருந்து பேசிட்டாரு.”

என் கையில் இருந்த வெல்லம் கீழே விழுந்தது.

“நானே கேட்டேன் தம்பி. நல்லாக் கணீர்னு. ‘போயிட்டு வாரேன்’னு. அவரு பொண்டாட்டிகிட்டச் சொல்லாம வேலைக்கே கெளம்ப மாட்டாரு. மாரியாயிக்கு ரெண்டு வாட்டி கேட்டிருக்கு. மொதல்ல மெதுவா, காதோரமா. அப்பறம் சத்தமா. அன்னையிலேர்ந்து அவ வேலைக்குப் போவல. வருவாரு வருவாருன்னு கதவத் தொறந்தே வச்சிருக்கா.”

 ‘யேசுவே’ என்றேன். இரண்டு மூச்சுக்குப் பிறகுதான் புத்தியில் பட்டது. பேயைக் கண்டு பயந்தவர்களை எனக்குத் தெரியும். கதை கேட்டு நடுங்கி, கடைசியில் அந்தப் பேய் நான்தான் என்று தெரிந்துகொண்டவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

‘அக்கா, அது நான்’ என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாய் எப்போது திறக்கக் கூடாதோ அப்போது திறக்கும். திறக்க வேண்டியபோது பூட்டிக்கொண்டு சாவியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். ஒரே ஒரு சந்தேகம் மட்டும் உறுத்தியது. நான் சொன்னது ஒரு தடவை. இன்னொன்று மலையின் எதிரொலியாக இருக்கும். எதிரொலி பின்னால்தானே வரும், மெதுவானது எப்படி முன்னால் வந்தது? துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு முன்னது பின்னதாகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கங்காணி காத்தமுத்து நல்ல மனிதர், அதனாலேயே கவலைப்பட்டார். “பதினாறாம் நாள் கருமாதி வரைக்கும் தொரை விட்டுக் குடுத்திருக்காரு. பதினேழாம் நாள் காலைல பெரட்டுல வந்து நிக்கணும். நிக்கலைன்னா பேரு வெட்டு. லய வீட்டக் காலி பண்ணிக் கப்பல்ல ஏத்திருவாங்க. அந்தம்மாவுக்கு ஊருல ஆரு இருக்கா? ஒருத்தருமில்ல.” பெரட்டு என்பது காலையில் ஆள் பேர் கூப்பிடும் களம். அங்கே குரல் கொடுக்காதவர் தோட்டத்தில் இல்லாதவர்.

சாவு நடந்து ஒன்பதாம் நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மாரியாயி அக்காவைப் பார்க்கப் போனேன். வீடு பெருக்கி மெழுகி, யாரோ வரப்போகிற வீடு மாதிரி இருந்தது. பின்வாசல் சுவரில் சடையனின் வாளி கழுவித் தொங்கியது. சோற்றுத் தட்டு இரண்டு, தண்ணீர்க் குவளை இரண்டு. அவர் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“கருமாதிக்கு ஒத்துக்கோங்க அக்கா” என்றேன்.

“கருமாதின்னா தாலிய எறக்கணும் தம்பி. வாரேன்னு சொன்ன மனுசனுக்கு எவளாச்சும் தாலி எறக்குவாளா?”

சடையன் சொன்ன சொல் தவறாதவர். சடையன் வாரேன் என்றார். ஆகவே சடையன் வருவார். என் ஆசிரியர் இதற்கு நூற்றுக்கு நூறு போட்டிருப்பார்.

“வேற யாராச்சும் சொல்லியிருந்தா?” என்று தரையைப் பார்த்துக் கேட்டேன்.

“பதினெட்டு வருசமாக் காலைல காலைல கேட்ட கொரலு.” அவர் இரண்டாவது குவளையில் தண்ணீர் ஊற்றி, என் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் வைத்தார். எனக்கென்று நினைத்துக் கை நீட்டினேன். “ஒங்களுக்கு இந்தா” என்று வேறொன்றைக் கொடுத்தார். குடித்ததாக ஞாபகம். எப்படி வெளியே வந்தேன் என்பது ஞாபகமில்லை. சொல்லிக்கொள்ளாமல் வந்தேன் என்பது மட்டும் நிச்சயம்.

பதினைந்தாம் நாள் மத்தியானம், இன்று சொல்லியே தீர்வது என்று முடிவு செய்தேன். முடிவு செய்தவன் நேரே போய்ச் சொல்ல வேண்டியதுதானே? எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்க்க ரப்பர்க் காட்டுக்குள் போனேன். பால் எடுத்து முடித்து எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். ‘அக்கா, நான் ஒரு மடையன்’ என்று ஒரு மரத்திடம் சொன்னேன். மரம் மறுக்கவில்லை. இன்னொரு மரத்திடம் சொன்னேன். ஐம்பது மரத்திடம் சொல்லிவிட்டுத் திரும்பினால், வந்த வழி தெரியவில்லை.

எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே வரிசை. குறுக்கே பார்த்தாலும் வரிசை, நேரே பார்த்தாலும் வரிசை. கவிழ்த்து வைத்த மங்குகள் வெள்ளையாகக் கண் விழித்துக்கொண்டிருந்தன. எங்கேயோ ‘டப்’. எங்கேயோ ஒரு கொட்டை சருகில் உருண்டு நின்றது. பிறகு ஒன்றுமில்லை. குருவிச் சத்தம்கூட இல்லை. உச்சி வேளை. நான் சங்கீதம் சொல்ல முயன்றேன். இருபத்து மூன்றாம் சங்கீதம் எனக்கு மனப்பாடம். ‘மரண இருளின் பள்ளத்தாக்கிலே’ என்ற இடம் வந்ததும் நிறுத்திக்கொண்டேன். அந்த இடத்தில் அது படிக்க ஏற்ற வரியல்ல.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. கிறீச். நாலு அடி நடக்கிற நேரம். கிறீச்.

யாரோ வாளியோடு போகிறார்கள், வழி கேட்டுக்கொள்ளலாம் என்று சந்தோஷமாகச் சத்தத்தின் பின்னால் நடந்தேன். “அண்ணே!” என்று கூப்பிட்டேன். நடை நிற்கவில்லை. நான் வேகமாகப் போனால் சத்தமும் வேகமாகப் போயிற்று. நான் தடுக்கி விழுந்தபோது அது நின்று காத்திருந்தது. இரண்டு மர வரிசைக்கு அப்பால்தான் இருந்தது. ஆனால் பார்த்த இடத்திலெல்லாம் மரம்தான் இருந்தது. இது சடையன் வாளி போடுகிற சத்தம் என்று மாமா சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிறகு நான் கூப்பிடவில்லை. நிற்கவுமில்லை, நின்றால் அதுவும் நிற்குமே!

கடைசியில் வெளிச்சம் தெரிந்தது. காட்டைவிட்டு வெளியே வந்து விழுந்த இடம் லயத்தின் பின்புறம், மாரியாயி அக்காவின் பின்வாசல்.

அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால், கொஞ்சம் உயரமாகப் பார்த்தார்.

“வந்தாச்சா” என்றார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. இந்தப் பயணத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது. எதிரே சுவரைத்தான் பார்த்தேன். வாளி அதே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஐம்பது மரத்திடம் ஒத்திகை பார்த்த பேச்சில் ஒரு எழுத்துகூட வாயில் வராமல் ஓடிப்போனேன்.

பதினாறாம் நாள் காலை லயமே அந்த வாசலில் கூடியிருந்தது. மாரியாயி அக்கா உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கங்காணி கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“ஆத்தா, நாளைக்குப் பேரு வெட்டிருவாங்க. நான் என்ன செய்யட்டும் சொல்லு.”

சின்னையா என் விலாவில் முழங்கையால் இடித்தார். “என்ன செல்லத் தொரை, இப்பவும் வாய மூடிக்கிட்டுத்தான் இருப்பீங்களா?” அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். ஒருவரிடமும் சொல்லவில்லை. நானாகச் சொல்ல வேண்டும் என்று இத்தனை நாளாகப் பார்வையாலேயே இடித்துக்கொண்டிருந்தார்.

நான் உள்ளே போய் மண்டியிட்டேன். “அக்கா, அன்னைக்குப் ‘போயிட்டு வாரேன்’னு சொன்னது நான்தான். தலைமாட்டுல சுவரோரமா நின்னேன். எங்கம்மா சொல்லிக் குடுத்த வார்த்தை, தெரியாம வாயில வந்துட்டுது. சடையன் அண்ணன் ஒண்ணும் சொல்லல. என்னைய என்ன வேணும்னாலும் செய்யுங்க.”

வாசலில் ஒரு சலசலப்பு. “அட பாவிப் பயலே!” என்று அஞ்சலை அக்கா தலையில் அடித்துக்கொண்டார். எவனோ சிரித்தான். எவளோ என்னை விளக்குமாற்றால் சாத்த வேண்டும் என்றாள். நியாயமான யோசனைதான்.

மாரியாயி அக்கா மட்டும் அசையவில்லை. “சொல்லிக் காட்டுங்க” என்றார்.

“என்னக்கா?”

“அன்னைக்கு எப்படிச் சொன்னீங்களோ அப்படி.”

தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அதே கணீர்க் குரலில் சொன்னேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார், கடையில் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர் மாதிரி.  பிறகு எழுந்தார். இரண்டாவது குவளையில் இருந்த தண்ணீரை வாசற்படியில் ஊற்றினார்.

“தண்ணி மொண்டு வைங்கடி. குளிக்கணும்” என்றார்.

கருமாதி நடந்தது. அதைப் பற்றி நான் எழுதமாட்டேன். அன்றுதான் அவர் அழுதார். அந்த அழுகையைக் கேட்டு லயத்துப் பெண்கள் எல்லாரும் ஆறுதலாக மூச்சு விட்டார்கள்.

சாயங்காலம் எனக்கு ஏக மரியாதை. காலையில் விளக்குமாறு கேட்டவளே முறுக்கு கொண்டுவந்து கொடுத்தாள். கங்காணி தோளில் தட்டி, “காலேஜுப் படிப்புன்னா சும்மாவா? ஒத்தச் சொல்லுல தெளிய வச்சிட்டீங்களே!” என்றார். ஒற்றைச் சொல்லில் குழப்பியவனும் நான்தான் என்பதை அவர் மறந்துவிட்டார். நான் ஞாபகப்படுத்தவில்லை. காட்டில் கேட்ட சத்தத்தைக்கூட அந்த முறுக்கோடு சேர்த்து மென்று விழுங்கிவிட்டேன். பயந்தவன் காதுக்குக் கிளை உரசினாலும் வாளிதான் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். அன்று தர்க்கப் பரீட்சை வைத்திருந்தால் நானே முதல்.

பதினேழாம் நாள் காலை, தேறிவிட்ட மாமாவை ஈப்போ ஆஸ்பத்திரியில் அழைத்துக்கொண்டு ஊர் திரும்பலாம் என்று தோட்டத்திலிருந்து கிளம்பினேன். எல்லாரும் பெரட்டுக் களத்தில் இருந்தார்கள். கங்காணி பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். “மாரியாயி!” என்றார்.  “இருக்கேன்” என்று குரல் வந்தது.

“கெளம்பலாமா?” என்றார் சின்னையா. “சொல்லிக்கிட்டு வாங்க. இங்க சாவு கழிஞ்சு போச்சு, இப்ப வாரேன்னு தாராளமாச் சொல்லலாம். ஆனா மெதுவாச் சொல்லுங்க, ஒங்க வாய நம்ப முடியாது லா!”

வண்டி காட்டு வழியில் திரும்பியபோது முன்னால் கிறீச் என்று சத்தம் கேட்டது. மாடு மிரளவில்லை, நான் மிரண்டேன். மாரியாயி அக்காதான், கணவரின் வாளியோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். வெளிச்சத்தில், எல்லாரும் பார்க்க, சாதாரண வாளி. மனசு நிறைந்துபோயிற்று. வண்டியிலிருந்து குதித்து அவரிடம் ஓடினேன். நான் கடைசியாக ஒரு தடவை பெரிய மனிதனாகத் தோன்ற ஆசைப்பட்டேன்.

“அக்கா, என்னை மன்னிச்சிருங்க. நான் மட்டும் அன்னைக்கு அந்த ஒரு வார்த்தைய உளறாம இருந்திருந்தா, நீங்க இத்தனை நாளு இல்லாத கொரலுக்குக் காத்துக் கெடந்திருக்க வேண்டாம்.”

அவர் வாளியைக் கீழே வைத்தார். விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

“வாரேன்னவரு முந்தாநாளே வந்துட்டுப் போயிட்டாரு. நீங்க சொன்னது ரெண்டாவது தம்பி.”